திலக் நகரில் இல்லாத தளவாய்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னது நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாமதமாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதைத்தான் இனிமேல் எழுதப்போகிறேன்.

என் பெயர் லூசியம்மாள். வயது எழுபத்தொன்று. மும்பை செம்பூரில் ஒரு தர்ம டிரஸ்ட் நடத்தும் டயாலிசிஸ் சென்டரில் எனக்கு நான்காம் கட்டில். செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணி ஷிப்ட். ஆறு வருடமாகிறது. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மீதியை மாட்டுங்காவில் நான் சமையல் செய்த வீடுகளில் கிடந்த பழைய வாரப் பத்திரிகைகளை வைத்துப் படித்துக்கொண்டேன். கதை கட்டுகிற பழக்கமும் அதிலிருந்து வந்ததுதான்.

இடது கையை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு வலது கையால் எழுதுகிறேன். நாலு மணி நேரம் கிடைக்கும். நடுவில் ஒரு வாக்கியம் பாதியில் நின்றால், மெஷின் அடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் என் பிரஷர் இறங்கி, டெக்னீஷியன் பெண் ஜெனி நோட்டைப் பிடுங்கி வைத்திருப்பாள். திரும்பக் கையில் வாங்கும்போது அந்த வாக்கியம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று எனக்கே ஞாபகம் இருக்காது. அப்படியே விட்டுவிடுவேன். நீங்களும் விட்டுவிடுங்கள், கண்ணுகளா.

[பிறகு சேர்த்தது: ஏசி காற்றில் பக்கம் புரளாமல் இருக்க இப்போது நோட்டின் மேல் ஒரு பித்தளை பெல்ட் பக்கிள் இருக்கிறது. முதல் நாள் எழுதும்போது இது என்னிடம் இல்லை.]

2

தொடக்கம், முதல் முயற்சி:

அன்று மும்பையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கரீம் பாட்சா நனைந்த கோழிபோல

இதை ஆறாம் கட்டில் ஷ்யாமளாவிடம் வாசித்துக் காட்டினேன். கோட்டைப் பக்கத்தில் ஏதோ ஆபீசில் முப்பது வருடம் ஃபைல் பார்த்தவள். மாட்டுங்காக்காரி. நான் எது எழுதினாலும் அவளிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும்.

"மும்பைன்னா மழையா? வேற ஒண்ணும் தெரியாதா உங்களுக்கு? அவர் மொதல்ல வந்தது ஏப்ரல்ல, லூசி. வேர்த்து ஊத்திண்டு வந்தார்."

அடித்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சி:

நோயை ஏற்றுக்கொள்ள மறுப்பவர்கள் பலவகைப்படுவர்.

இது என் வாக்கியமே இல்லை. போன வருடம் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். கட்டில் கட்டிலாகப் போய், "உங்கள் நோயை எந்த அளவுக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள்? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள்" என்று கேட்டாள். நான் ஏழு என்றேன். ஷ்யாமளா, "காலம்பற கேட்டா ரெண்டு, வீட்டுக்குப் போறச்சே எட்டு" என்றாள். அந்தப் பெண் ஐந்து என்று போட்டுக்கொண்டாள்.*

(* எனக்குத் தெரிந்தவரை, ஏற்றுக்கொள்வது ஒரு நாளில் நடந்து முடிகிற காரியமில்லை. அதுவும் செவ்வாய், வியாழன், சனிதான். ஞாயிறன்று அவிழ்ந்துவிடும். செவ்வாய்க்கிழமை மறுபடி கட்ட வேண்டும்.)

மூன்றாம் முயற்சி:

கரீம் பாட்சா தன் பொய்யைப் பேன்ட் பாக்கெட்டில் சுமந்துகொண்டு வந்தார்.

இது இருக்கட்டும்.

3

கரீம் பாட்சாவுக்கு நாற்பத்தெட்டு வயது. தாராவியில் பெல்ட் பட்டறை, ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். பூர்வீகம் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். பல வருட ரத்தக்கொதிப்பைக் கவனிக்காமல் விட்டு, இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய்த்தான் வந்தார். என் பக்கத்து மூன்றாம் கட்டிலில், கழுத்தில் குழாய் போட்டு அதன் வழியாக டயாலிசிஸ். குழாயை மறைக்க ஒரு துண்டு சுற்றியிருப்பார்.

பட்டறையில் யாருக்கும் சொல்லவில்லை. வாரம் மூன்று நாள் குர்லாவில் ஒரு பார்ட்டிக்குச் சாம்பிள் காட்டப் போவதாகச் சொல்லியிருந்தார். பொய் நிற்க வேண்டுமே. அதனால் கிளம்பும்போது எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி, புது மாடல் பக்கிள்களை அள்ளி ஆறு பாக்கெட் பேன்ட்டில் போட்டுக்கொள்வார்.

இங்கே எடை பற்றிச் சொல்ல வேண்டும். சிறுநீர் பிரியாத உடம்பில், குடித்த தண்ணீர் எல்லாம் எடையாக நிற்கும். உள்ளே வந்ததும் எங்களை நிறுப்பார்கள். தண்ணீர் இல்லாமல் ஒவ்வொருவருக்கும் இத்தனை கிலோ என்று டாக்டர் எழுதியிருப்பார். அதற்கு மேலே இருப்பதை மெஷின் உறிஞ்சி எடுக்கும். அளவுக்கு மீறி எடுத்தால் கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும், பிரஷர் விழும்.

"பாக்கெட் காலியா, அங்கிள்?"

"காலிதாம்மா."

"மொபைல்?"

"வெளிய பெஞ்சுல வச்சிருக்கேன்."

ஜெனி நம்பினாள். தினமும் முப்பது பேரை நிறுக்கிறவள், எல்லாருடைய பாக்கெட்டிலும் கைவிட முடியுமா?

மூன்று வாரம் அவருக்கு ஒவ்வொரு முறையும் கால் இழுத்தது. மூன்றாவது வாரச் சனிக்கிழமை, மூன்றாம் மணி நேரத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு வில்லாக வளைந்துவிட்டார். ஜெனி ஓடிவந்து சலைன் ஏற்றினாள். காலைப் பிடித்துவிடப் பேன்ட்டை மடக்கினாள். முழங்கால் பக்கத்துப் பாக்கெட் திறந்து, பித்தளை பக்கிள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து உருண்டது.

அவள் பொறுக்கிக்கொண்டுபோய் எடை மெஷினில் வைத்தாள்.

"ஒரு கிலோ நூறு. க்யா அங்கிள் ஆப் பி, நீங்களுமா இப்படி. இத்தனை நாளா நான் உங்க ரத்தத்துலேர்ந்து பக்கிள் எடுத்துட்டிருந்தேனா?"

"பதினெட்டு இருக்கும். எண்ணி வையும்மா" என்றார், அந்த வலியிலும்.

"பக்கிளுக்கும் டயாலிசிஸ் ஆயிடுத்து" என்றாள் ஷ்யாமளா.

யாரும் சிரிக்கவில்லை. அவர் கழுத்துக் குழாயைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். "போதும்மா. என்னைக் கழட்டி விட்டுருங்க. ரெண்டு மாசத்துல சரியாவும்னுதான் வந்தேன். எனக்கு இது வேண்டாம்."

ஜெனி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் போதவில்லை. எனக்கு ஒரு கைதான். அது அவருடைய கட்டில் கம்பி வரைக்கும்தான் எட்டியது. மற்றபடி என்னிடம் வாய் இருந்தது.

4

"தம்பி, இங்க பாருங்க. திலக் நகர்ல தளவாய்னு ஒருத்தர் இருக்காவ. இதே கட்டில்லதான் ஆறு மாசம் கெடந்தாவ."

அவர் முகம் திரும்பியது.

தளவாய் அந்த நிமிடம்வரை இல்லை.* எப்படி வந்தார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வயது ஐம்பது என்று வைத்தேன். ரெயில்வே ஆபீசில் வேலை கொடுத்தேன். பெரிய மீசை வைத்தேன். ஆறு மாதம் டயாலிசிஸ் செய்தார், ஒரு நாள் காலை வயிற்றடியில் பாரம் தெரிந்தது, சிறுநீர் பிரிந்தது, டாக்டரே அதிசயப்பட்டுக் குழாயைக் கழற்றினார் என்றேன். இப்போது தினமும் காலையில் காலனியைச் சுற்றி நடக்கிறார், திரும்பி வரும்போது கையில் ஒரு தயிர் பாக்கெட் இருக்கும் என்றேன்.

(* பெயர் மட்டும் சொந்தமில்லை. அன்று காலை ஜெராக்ஸ் கடையில் யாரோ யாரையோ அப்படிக் கூப்பிட்டார்கள்.)

அந்தத் தயிர் பாக்கெட்டில்தான் கரீம் பாட்சா விழுந்தார். விவரம்தான் பொய்க்கு உப்பு. எங்களுக்கோ உப்பு ஆகாது.

"தயிர் சாப்பிடுதாவளா? அளந்து சாப்பிட வேண்டாமா?"

"ஒரு அளவும் இல்ல. மோரா அடிச்சு சொம்பு நெறையக் குடிக்காவ."

அவருடைய கால் இறுக்கம் தளர்ந்தது. சலைன் வேலை செய்திருக்கும். நான் கதை வேலை செய்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தளவாய்க்கு நடந்தது உலகத்தில் நடக்காததல்ல. திடீரென்று நின்றுபோன சிறுநீரகம் சிலருக்குத் திரும்ப ஓடும். சுருங்கிப்போனது ஓடாது. இதை டாக்டர் கரீம் பாட்சாவுக்குச் சொல்லியிருந்தார். எனக்கும்

(பிரஷர் தொண்ணூறு. நோட்டு அரை மணி நேரம் ஜெனியிடம் இருந்தது.)

5

அதன் பிறகு பக்கிளை வெளியே பெஞ்சில் வைத்துவிட்டு வந்தார். கால் இழுப்பது நின்றது. குர்லாப் பொய் மட்டும் தொடர்ந்தது. மெஷின் ஓடத் தொடங்கியதும் என் பக்கம் திரும்பிக்கொள்வார்.

"தளவாய் அண்ணனுக்கு மொத வாரத்துல வாந்தி இருந்துச்சா?"

இருந்தது என்பேன்.

"அவிய வீட்டம்மா என்ன சொன்னாவ?"

அவளுக்கும் ஒரு பெயர் வைத்தேன். மூன்று மாதத்தில் அந்த வீட்டுக்கு ஜன்னல், ஜன்னலில் துளசித் தொட்டி, மகளுக்குக் கல்யாணம், எல்லாம் வந்துவிட்டது. ஷ்யாமளாகூட ஒரு நாள், "மாப்பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜூலையில் அவருக்குக் குளிர் நடுக்கத்தோடு ஜுரம் வந்தது. கழுத்துக் குழாயில் கிருமி. டாக்டர் அந்தச் சனிக்கிழமை கட்டிலருகே நின்று தெளிவாகச் சொன்னார்: குழாயை ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, இன்னொரு முறை ஜுரம் வந்தால் உயிருக்கே ஆபத்து. இடது கையில் ஃபிஸ்டுலா போட வேண்டும், அதாவது உள்ளே இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைக்க வேண்டும். கை தயாராக ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஆகும். ஆகவே தள்ளிப்போட முடியாது. அடுத்ததற்கு அடுத்த புதன்கிழமை.

கரீம் பாட்சா கேட்டது ஒன்றே ஒன்று. "தளவாய் அண்ணனுக்குக் கையில போடலியே?"

டாக்டர், "யார் அது?" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கீழே போகும்போது அவர் மனைவி மதீனா பீவி லிஃப்ட் பக்கத்தில் என்னை நிறுத்தினாள். மெலிந்த பெண். மருந்துச் சீட்டை நாலாக மடித்துக் கைக்குள் வைத்திருந்தாள்.

"லூசியம்மா, கையில போட்டா ஆயுசுக்கும் சீக்காளின்னு ஆயிரும்ங்காவ. குழாய்ன்னா கழட்டிரலாமாம். தளவாய் அண்ணன், தளவாய் அண்ணன்னு ஒரே பேச்சு. அந்த அண்ணன் ஒரு வார்த்த சொன்னா அவிய கேப்பாவ. வீடு எங்கன்னு சொல்லுங்களேன், நான் போயி அவிய வீட்டம்மா கால்ல விழுதேன்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். லிஃப்ட் வந்தது. ஏறிவிட்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை கரீம் பாட்சா திலக் நகருக்குப் போனார்.

இந்தப் பகுதியை நான் பார்க்கவில்லை. செவ்வாயன்று அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். காலை ஆறு மணிக்கே போயிருக்கிறார், நடக்கிற நேரமாயிற்றே. தயிர் பாக்கெட்டோடு வருகிறவர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டிருக்கிறார். மூன்று பேர் வந்தார்களாம். ஒருவர் மராட்டிக்காரர். ஒருவருக்கு மீசை இருந்தது, காது கேட்கவில்லை. இன்னொருவர், "டயாலிசிஸா? காலங்காத்தால என்னய்யா பேச்சு இது" என்று திட்டினார். பில்டிங் பில்டிங்காகப் பெயர்ப் பலகை பார்த்திருக்கிறார். தமிழ்ப் பெயர் இருந்த இடமெல்லாம் மணி அடித்திருக்கிறார். மாடி ஏறி மூச்சு வாங்கி ஒரு படிக்கட்டில் உட்கார்ந்தபோது, ஒரு வீட்டு அம்மாள் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அரை தம்ளர் குடித்துவிட்டு மீதியைத் தொட்டிச் செடிக்கு ஊற்றினாராம்.

"கடைசியில ஒரு வாட்ச்மேன் சொன்னான்மா. அப்படி ஒருத்தர் இருந்தாவளாம். மீசைக்காரர். வீட்டக் காலி பண்ணிட்டு வாஷிக்கு மக வீட்டுக்குப் போயிட்டாவளாம். நல்லா இருக்காவளாம்."

என் கையில் குத்தியிருந்த இரண்டு ஊசியும் ஒரு கணம் குளிர்ந்தன. அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

தளவாய் என் கையை விட்டுப் போய்விட்டார். இப்போது இரண்டு பேர் சேர்ந்து அவரைக் கதையாகக் கட்டிக்கொண்டிருந்தோம்.

7

அவர் தூங்கிய பிறகு ஷ்யாமளாவிடம் கேட்டேன், என்ன செய்யலாம் என்று. அவள் ஆபீசில் மனு எழுதுகிற மாதிரி வழி சொன்னாள்.

"கொன்னுடுங்கோ. தளவாய் போயிட்டார்னு சொல்லிடுங்கோ."

"அப்ப இவரும் செத்துப்போவாரே, ஷ்யாமளா."

"சரி, அப்போ திரும்ப வியாதி வந்துடுத்துன்னு சொல்லுங்கோ. கையில ஃபிஸ்டுலா போட்டுண்டு வாஷியில டயாலிசிஸ் பண்ணிண்டு சௌக்கியமா இருக்கார்னு. இவரும் போட்டுப்பார்."

இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு நாள் முழுக்க அதை வைத்துக்கொண்டு திரிந்தேன். வாஷியில் தளவாய்க்கு ஒரு கட்டில், பக்கத்தில் ஒரு ஜன்னல், கையில் தழும்பு. வசனம்கூட எழுதிவிட்டேன்: "பாட்சா தம்பிக்குச் சொல்லுங்க, மொத நாள்தான் பயம்."

எழுதி முடித்த பிறகு, அதைத் தாங்க வேண்டிய கை யாருடையது என்று நினைத்தேன். நாளைக்கு அந்தக் கை வலித்தால் அவர் மறுபடி தளவாயைக் கேட்பார். நான் மறுபடி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. எனக்குப் பிறகு தளவாயை யார்

ஷ்யாமளா அன்று இன்னொன்றும் சொன்னாள். கிண்டலாகத்தான். "உங்க கதையில எல்லாருக்கும் கடைசியில சரியாயிடறது, லூசி. நமக்கு மட்டும் ஏன் ஆகல்லே?"

8

வியாழக்கிழமை. மெஷின் ஓடத் தொடங்கியதும் அவர் என் பக்கம் திரும்பினார். நான் முந்திக்கொண்டேன்.

"தம்பி, தளவாய்னு யாரும் கெடையாது. நான் கட்டுனது."

"வாட்ச்மேன் சொன்னானே."

"சொன்னானா?"

அவர் மெஷினில் சிவப்புக் குழாய் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"மீசை?"

"நான் வச்சது."

"ரெயில்வே ஆபீஸ்?"

"அதும்தான்."

"தயிர் பாக்கெட்டுமா?"

"அதும்தான் தம்பி."

அவர் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஒங்களுக்கு ஆறு வருசம். இது போவாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே சொன்னிய."

"குழாயப் பிடுங்கப் போனிய. வேற எனக்கு ஒண்ணும் தோணல."

"அன்னைக்குச் சரி. மறுநா சொல்லியிருக்கலாம்லா? அதுக்கு மறுநா? நான் கேக்கக் கேக்க, வீட்டம்மா பேரு, மவ கல்யாணம்னு சொல்லிட்டே இருந்திய."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஆறு வருடத்தில் என் கதையை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாரம் மூன்று நாள், கண் கொட்டாமல் கேட்க ஒருவர் கிடைத்தார். அந்தச் சுகத்துக்காகவும்தான் சொன்னேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சனிக்கிழமை வரவில்லை.

9

காலியான கட்டிலைப் பற்றி எங்கள் வார்டில் யாரும் கேட்பதில்லை. யாரும் சொல்லிவைத்த சட்டமில்லை. ஊருக்குப் போயிருக்கலாம், வேறு சென்டருக்கு மாறியிருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். ஆகவே கட்டில் காலியாக இருந்தால் யாராவது ஒருவர், "இன்னைக்கு ஏசி ஜாஸ்தி" என்பார்கள். ஜெனி ஏசியைக் குறைப்பாள். அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை அப்படிச் சொன்னது நான். சொல்லிவிட்டு இந்த நோட்டைத் தொடங்கினேன்.

செவ்வாயன்று அவர் வந்தார். ஐந்து நாள் தண்ணீர் உடம்பில். முகம் உப்பி, கண் இடுங்கி, மதீனா பீவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜெனி திட்ட வாயெடுத்து, மூடிக்கொண்டாள். எடை மெஷினில் ஏறுவதற்கு முன்னால் அவரே பாக்கெட்டைத் திறந்தார். இந்த முறை பெஞ்சில் வைக்கவில்லை. எல்லார் முன்னாலும் ஒவ்வொன்றாக எடுத்து டிரேயில் வைத்தார்.

"பன்னெண்டு" என்றார். "குர்லாவுல ஒரு பார்ட்டியும் கெடையாது. இதான் பார்ட்டி."

ஏறினார். நாலு கிலோ எண்ணூறு கூடுதல். எல்லாம் அவருடையதுதான்.

இரண்டு மணி நேரம் போன பிறகு மூச்சு சீரானது. "எழுதுதியளாம்லா. ஷ்யாமளா மாமி சொன்னாவ."

"ஆமா தம்பி."

"என்னயா?"

"பேர மாத்திரட்டா?"

"பேரு கெடக்கட்டும். முடிவு மட்டும் எழுதாதிய. ஒங்க கையால ஒரு முடிவு வாங்கித்தான் மூணு மாசம் தின்னேன்."

சரி என்றேன்.

ஷிப்ட் முடிந்து, ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கட்டிலுக்கு வந்து நின்றார். "கையக் காட்டுங்க." காட்டினேன். பஞ்சுக்கு மேலே, என் ஃபிஸ்டுலா புடைத்து ரத்தம் இரைந்தோடும் இடத்தில், இரண்டு விரலை வைத்தார். தோல் பதம் பார்க்கிற விரல்கள். வைத்தபடியே நின்றார்.

"ஓடுது."

"ஓடும்."

"தடித்தோல் தைக்கிற மெஷினு மாதிரில்லா இருக்கு. படுக்கும்போது கேக்குமா?"

"தலைக்கு அடியில கைய வச்சா கேக்கும்."

"எரிச்சலா இருக்காது?"

"கேக்காட்டாத்தான் தம்பி பயம். நின்னுபோச்சோன்னு."

அவர் தலையாட்டினார். டிரேயிலிருந்து பக்கிள்களை அள்ளி மனைவியிடம் கொடுத்தார். ஒன்றை மட்டும் திரும்ப எடுத்து என் நோட்டின் மேல் வைத்தார். "பக்கம் பறக்குது" என்றார்.

மறுநாள் புதன்கிழமை, கையில் போட டாக்டர் சொன்ன நாள். போவீர்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

10

இன்று வியாழன். ஏழு மணி பத்து நிமிடம். கையில் போட்டிருந்தாலும் கழுத்துக் குழாய் வழியாக அவர் இன்றைக்கு வந்தாக வேண்டும். போடாவிட்டாலும் வந்தாக வேண்டும். ஜெனி மூன்றாம் கட்டிலுக்கு விரிப்பு மாற்றுகிறாள். வருகிறவருக்கும் மாற்றுவாள், வராதவருக்கும் மாற்றுவாள். அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

"ஏசி இன்னிக்கு ஜாஸ்தி, ஜெனி" என்கிறாள் ஷ்யாமளா.

நான் கேட்கப்போவதில்லை. இந்த வார்டின் வழக்கம் என்னைக் கட்டுகிறது. அவருக்குக் கொடுத்த வாக்கும் கட்டுகிறது. உங்களை இரண்டும் கட்டாது. அந்த இடது கையில் கட்டு இருக்கிறதா, இல்லையா, அந்தக் கையே வருகிறதா என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், கண்ணுகளா. எந்த முடிவை வைப்பதானாலும், முதலில் உங்கள் பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு வையுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை.

அசதியாக இருக்கிறது. பக்கிளைப் பக்கத்தின் மேல் நகர்த்தி வைக்கிறேன். வெளியே லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம். கதவு